எல்லாம் நார்மல், மாமி!

"பொய் சொல்றவங்களை எனக்குப் பிடிக்கும், வருண். என்னிக்காவது ஒருநாள் மாட்டிக்குவாங்க. இப்படி யோக்கியமா மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கிறதைத்தான் பிடிக்கலை" என்றாள் கோமதி.

அவள் சொன்னது மனிதர்களைப் பற்றி அல்ல, கையில் இருந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பற்றி. கள்ள நோட்டைச் சோதிப்பவள் மாதிரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் சோபா நுனியில் உட்கார்ந்திருந்த வருணுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. காலையில் ஷூவுக்குள் புகுந்த மழைத்தண்ணீர் இன்னும் குடியிருந்தது. பசி வேறு. பாலிகஞ்ச்சின் அந்தப் பழைய ஃபிளாட்டில் மின்விசிறி கடமைக்குச் சுற்ற, புழுக்கம் சட்டையை முதுகோடு ஒட்டவைத்திருந்தது.

"சோடியம் நார்மல், பொட்டாசியம் நார்மல், குளோரைடு நார்மல். என் ஸ்கூல் ரிப்போர்ட்ல ஒருநாளும் இப்படி வந்ததில்ல, தீதி. எங்கப்பா பார்த்தா ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார். இதுல உங்களுக்கு என்ன கோபம்?"

கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த வருணுக்கு அக்கா என்று கூப்பிட வாய் வராது. தீதிதான் வரும். சால்ட் லேக் கால் சென்டர் ஒன்றில் வாடிக்கையாளரிடம் ஜோக் அடித்து வேலையைத் தொலைத்தவன் அவன். கோமதி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைக் கிழித்துத் தொங்கவிட்டு, பிறகு விருப்ப ஓய்வு வாங்கி, லேக் மார்க்கெட்டில் ஒரு மிட்டாய்க்கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் தொடங்கியவள். நிறுவனம் என்றால் அவர்கள் இருவரும் ஒரு டேபிள் ஃபேனும்.

"இங்க பாரு" என்றாள் கோமதி. "சோடியம் கீழ்க்கோட்டுல ஒட்டிக்கிட்டு நிக்குது. குளோரைடும் அப்படித்தான். பொட்டாசியம் மட்டும் நடுக்கூடத்துல சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு. மூணும் ஒரே ரத்தத்துல கரைஞ்சிருக்கிற உப்பு. ரெண்டு மெலிஞ்சு, ஒண்ணு மட்டும் எப்படிக் கொழுகொழுன்னு இருக்கும்?"

"கோட்டுக்குள்ளதானே இருக்கு? கோட்டைத் தாண்டினாத்தான் தீதி அவுட்டு."

சமையலறையிலிருந்து டீயோடு வந்தாள் ரஞ்சனா. இந்த வீட்டு மருமகள். தன்னையே விசாரிக்கும்படி துப்பறியும் ஆளை அமர்த்தியதும் அவள்தான். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

சில மாதங்களாகவே மாமியார் சௌந்தரத்துக்குக் கால் துவண்டது. கெண்டைக்கால் இழுத்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பாத்ரூமில் இருமுறை விழுந்தாள். விழுந்து எழுந்தவள் சும்மா இருக்கவில்லை. 'என் மாட்டுப்பொண் எனக்கு எதையோ கலந்து கொடுக்கறா' என்று பால்காரனில் ஆரம்பித்து மூன்றாம் மாடி முகர்ஜி வீடு வரை சொல்லிவிட்டாள். லிஃப்டில் ரஞ்சனா ஏறினால் மற்றவர்கள் படியில் போனார்கள். தாங்க முடியாமல் அவளே வீட்டுக்கு ஆளை வரவழைத்து மாமியாரின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். வந்தது இந்த ரிப்போர்ட். டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, மனசில்தான் என்றார்.

"நாளைக் காலம்பற வண்டி வரது, மேடம்" என்றாள் ரஞ்சனா. "ஊருக்கு வெளியில மனநோய்க்காராளைப் பாத்துக்கற ஹோம். அவர் எல்லா ஏற்பாடும் பண்ணிட்டார். இது என் ரத்தமே இல்லை, மாத்திட்டாள்னு அம்மா கத்தறா. இது அம்மா ரத்தம்தான்னு நீங்க நிரூபிச்சுக் கொடுத்தாப் போறும். விஷம் வெச்சவள்ங்கற பேரோட என்னால இந்த பில்டிங்கில இருக்க முடியாது."

அவர் என்றது கணவன் சுந்தரராஜனை. மருந்துக் கம்பெனியில் ஏரியா மானேஜர். இந்த ஃபிளாட் சௌந்தரத்தின் பெயரில் இருந்தது. கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட புரோமோட்டர் நடையாய் நடக்க, எல்லோரும் கையெழுத்துப் போட்டும் சௌந்தரம் மட்டும் மாட்டேன் என்று நின்றாள். அதில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒருநாள்கூடச் சண்டை வந்ததில்லை என்று ரஞ்சனா பெருமையாகச் சொன்னாள்.

சௌந்தரம் உள்ளறையில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் காலைக் கீழே போட முயன்றாள். கால் வரவில்லை. இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி, வேறு யாருடைய காலையோ நகர்த்துவது போல நகர்த்தினாள். வருணின் நாக்கில் தயாராக இருந்த ஜோக் அங்கேயே செத்துப்போனது.

"ஒருத்தன் காலம்பற வந்து ரத்தம் எடுத்துண்டு போனான். ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம் வரது. நடுவுல என் ரத்தம் எங்கே போச்சு? எங்கே இருந்தது? இதைக் கேட்டா பைத்தியம்ங்கறா" என்றாள். பிறகு வாசலில் நின்ற மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். "இவ கை பட்ட தண்ணியே எனக்கு வேண்டாம்."

ரஞ்சனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேள்வி நியாயமான கேள்வி, மாமி" என்றாள் கோமதி. "ரத்தம் எங்க போச்சுன்னு பார்த்துட்டு வர்றோம்."

கரியாஹாட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ரிக்‌ஷாக்காரன் பாதி வழியில் இறக்கிவிட்டு, மீதிக்கு நீந்திப் போகச் சொன்னான். பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் இருந்த பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பேச்செல்லாம் வங்காளத்தில்.

"ரிப்போர்ட்ல தப்பு இருந்தா இமெயில் போடுங்க."

"தப்பு இல்லைன்னா?" என்றான் வருண்.

"அதுக்கும் இமெயில்தான்."

"ரத்தம் எடுத்தவர் யாரு?"

"தபன்."

"எங்க இருக்கார்?"

"லீவு."

"போன்?"

"ஸ்விட்ச் ஆஃப்."

"வீடு?"

"சொல்லக் கூடாது. ரூல்."

வருண் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தான். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு தாத்தா, சிறுநீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் என்று அதட்டினார். கோமதி நகரவில்லை. மேசையில் முழங்கையை ஊன்றி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசாமல் நிற்பது அவளுடைய பழைய இன்ஷூரன்ஸ் வித்தை. வரிசை வாசல் வரைக்கும் வளர்ந்தது. தாத்தாவின் குரலும் வளர்ந்தது.

"டாலிகஞ்ச்ல ஸ்டூடியோவுக்குப் பின்னாடி காலனி" என்று சீறினாள் அந்தப் பெண். "நான் சொல்லலை. அன்னிக்கு ஊரே வெள்ளம். தபன் காலையில எடுத்த ரத்தமெல்லாம் சாயங்காலம்தான் வந்துச்சு. அதையும் நான் சொல்லலை. போங்க!"

மெட்ரோவில் இறங்கி, ஆட்டோவுக்குக் காத்து, ஆட்டோ வராமல் நடந்து, காலனியைக் கண்டுபிடித்தார்கள். தபன் வீட்டில் இல்லை. அவன் மனைவி மாடியிலிருந்தபடியே, கிளப்பில் கேரம் ஆடிக்கொண்டிருப்பார், அவரைப் பார்த்தால் வீடு என்று ஒன்று இருப்பதைச் சொல்லுங்கள் என்றாள். கிளப் எது என்று கேட்டதற்கு ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

"ஒரு டிராப் ரத்தத்துக்காக ஒரு லிட்டர் வேர்வை போயிடுச்சு, தீதி. இப்ப என்னை டெஸ்ட் பண்ணா சோடியம்னு ஒண்ணு இருந்ததுக்கான தடயமே கிடைக்காது."

"வாயை மூடிக்கிட்டு வா. பேசினா இன்னும் வேர்க்கும்."

தபன் நாற்பது வயதைத் தாண்டிய குண்டு மனிதன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாக்கைத் துருத்தி, சிவப்புக் காயைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். வருண் என்ன கேட்டாலும் "இந்த போர்டு முடியட்டும்" என்பதே பதில். போர்டு முடிந்ததும் அடுத்த போர்டு. கோமதி குனிந்து ஸ்டிரைக்கரை எடுத்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

கிளப்பே ஸ்தம்பித்தது. தபன் முதல்முறையாக அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

"வெள்ளம் வந்த அன்னிக்குப் பாலிகஞ்ச்ல ஒரு மாமிக்கு ரத்தம் எடுத்தீங்க. சாயங்காலம் வரைக்கும் அதை எங்க வெச்சிருந்தீங்க? வேற யார் ரத்தத்தோடயாவது மாறிச்சா?"

தபனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மாறுவதா? ஊசி குத்தின கையை எடுப்பதற்கு முன் பெயர் ஒட்டிவிடுவானாம். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு டியூப் மாறியதில்லையாம். அன்றைக்கு மட்டும் என்ன? மழையில் எல்லா வண்டியும் நின்றுபோய், கழுத்தளவு தண்ணீரில் மாட்டிக்கொண்டபோதுகூட அந்த ரத்தங்களைக் கண்ணுக்குக் கண்ணாகக் காப்பாற்றினான் அவன்.

"எப்படிக் காப்பாத்தினீங்க?"

தபன் நெஞ்சை நிமிர்த்தினான். "காலையிலேயே மார்க்கெட்டுல ஒரு இலிஷ் மீன் வாங்கியிருந்தேன். முட்டை இல்லாத மீன், வயிறு வெள்ளி மாதிரி. தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ். புழுக்கத்துல ரத்தம் கெட்டுடுமேன்னு எல்லா டியூபையும் பையில கட்டி அந்த ஐஸுக்குள்ள சொருகிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மீனை வெட்டினா, இப்பத்தான் பத்மா ஆத்துல புடிச்ச மாதிரி இருந்துச்சு. மீனே கெடலை, ரத்தம் கெடுமா?"

வருண் கோமதியின் காதருகே குனிந்தான். "மாமியோட ரத்தம் நாள் பூரா மீனோட படுத்துக் கிடந்திருக்கு. இது மாமிக்குத் தெரிஞ்சா விஷமே தேவையில்ல, தீதி."

கோமதி சிரிக்கவில்லை. வருணும் நிறுத்திக்கொண்டான். சிரிக்க என்ன இருக்கிறது? ரத்தம் மாறவில்லை. பெயர் மாறவில்லை. புழுக்கத்தில் கெடவும் இல்லை. ரிப்போர்ட் சௌந்தரத்துடையதுதான். ரஞ்சனா கேட்டது கிடைத்துவிட்டது. நாளைக் காலையில் வண்டி வரும், தன் காலைத் தானே தூக்கிவைக்கும் அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். வேலையைச் சரியாகச் செய்து முடித்தும் வாயெல்லாம் கசந்தது அவனுக்கு.

"கேஸ் முடிஞ்சுது. பாழாப்போன கேஸ்" என்றான்.

"அன்னிக்குப் பெட்டியில வேற யார் யார் ரத்தம் இருந்துச்சு?" என்று கோமதி தபனைக் கேட்டாள்.

"அந்தப் பக்கத்து வீடுங்கதான். நாலஞ்சு பேரு."

"உங்க லேப் இன்சார்ஜுக்குப் போன் போட்டுக் கொடுங்க. ஸ்பீக்கர்ல."

லேப் இன்சார்ஜ் ஒரு பெண்மணி. தபனின் எண்ணைப் பார்த்ததுமே பொரிய ஆரம்பித்தாள். அன்றைக்கு நீ கொண்டுவந்த லட்சணத்தில் எல்லோருக்கும் பொட்டாசியம் எகிறிக் கிடந்தது, நடமாடுகிற மனிதர்களுக்கெல்லாம் நெஞ்சு நிற்கிற அளவு வந்தது, மறுபடி வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி ரத்தம் எடுத்தேன், ரெண்டாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது, என்ன செய்து தொலைத்தாய் என்றாள்.

"ஐஸ்ல வெச்சிருந்தார், மேடம்" என்றாள் கோமதி. "மீன் பெட்டியில."

மறுமுனையில் வெடித்த வெடியில் கேரம் காய்கள் அதிர்ந்திருக்கும்.

"முட்டாளே! பிரிக்காத ரத்தத்தை ஐஸ்லயா வைப்பாங்க? ரத்த அணு ஒவ்வொண்ணும் பொட்டாசியத்தை உள்ள அடைச்சு வெச்சிருக்கும். குளிர்ல அதுக்குப் பிடிமானம் போயிடும். உள்ள இருக்கிறதெல்லாம் கசிஞ்சு வெளிய வந்துடும். பார்க்க ரத்தம் நல்லாத்தான் இருக்கும். மெஷின்ல போட்டா இல்லாத பொட்டாசியத்தைக் காட்டும்."

"சௌந்தரம்னு ஒரு அம்மா" என்றாள் கோமதி. அவள் குரல் தணிந்திருந்தது. "அவங்களுக்கு மட்டும் ஏன் மறுபடி எடுக்கலை?"

"அவங்களோடது நார்மலா இருந்துச்சே. நார்மலை எதுக்கு மறுபடி எடுக்கணும்?"

வருண் கோமதியைப் பார்த்தான். கோமதி அவனைப் பார்த்தாள். அவனுக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. தபனின் மீன் பெட்டியிலிருந்து வந்த ஐஸாகத்தான் இருக்க வேண்டும்.

"தீதி... எல்லாரும் ஸ்டூல் மேல ஏறி நின்னு ஒரு போட்டோ எடுத்திருக்காங்க. எல்லாரும் தென்னைமரம் மாதிரி தெரியறாங்க. ஒருத்தங்க மட்டும் சாதாரண உயரமா தெரியறாங்கன்னா..."

"ஸ்டூலை எடுத்துட்டா அவங்க எவ்வளவு உயரம்?"

"தரையோட தரை."

"பொட்டாசியம் அவ்வளவு கீழ கிடந்தா கால் துவளாம என்ன செய்யும்? நெஞ்சு படபடக்காம என்ன செய்யும்? நார்மலா இருந்ததுதான்டா தப்பு." கோமதி போனை நெருக்கிப் பிடித்தாள். "மேடம், அவங்க உடம்புல இருந்து பொட்டாசியத்தை யாராவது இறக்கணும்னா?"

"நீர் பிரியற மாத்திரை போதும். கேள்விமுறை இல்லாம தினம் கொடுத்தா உப்பெல்லாம் மூத்திரத்துல போயிடும். ஒருநாள் இதயம் தாளம் தப்பும். அவ்வளவுதான்." அந்தப் பெண்மணி இப்போது பயந்துபோயிருந்தாள். "ஐயோ, அவங்க பையன் அன்னிக்கே கேட்டார். நான்தான் அலட்சியமா விட்டுட்டேன்."

"என்ன கேட்டார்?"

"ரிப்போர்ட் போன உடனே போன் பண்ணார். இது எங்கம்மாவோடதுதானா, பேரு சரியா பார்த்தீங்களா, பொட்டாசியம் இவ்வளவு இருக்க வாய்ப்பே இல்லையேன்னார். மெஷின் சரியாத்தான் இருக்குன்னேன். மறுபடி எடுக்கட்டுமான்னும் கேட்டேன். வேண்டாம்னு வெச்சுட்டார்."

கோமதி போனை வைத்தாள். வருண் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையமர்த்தினாள்.

"கெட்ட செய்தி வந்தா எல்லாரும் சந்தேகப்படுவாங்க, வருண். பேரு மாறிடுச்சான்னு கேப்பாங்க. நல்ல செய்தியை யாரு சந்தேகப்படுவா? மாமி சந்தேகப்பட்டாங்க, கால் துவளுது. அவன் எதுக்குச் சந்தேகப்பட்டான்? உள்ள என்ன இருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சவன். சந்தேகப்பட்டவன் மறுபடி எடுக்க வேண்டாம்னு வேற சொல்லியிருக்கான். பொய் ரிப்போர்ட் அவனுக்கு லாட்டரி. அம்மாவைப் பைத்தியம்னு அனுப்பிடலாம். அப்புறம் ஃபிளாட்டை இடிக்க யார் கையெழுத்து வேணும்?"

வருண் அதற்குள் ரஞ்சனாவின் எண்ணை அழுத்தியிருந்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடு என்று பல்லைக் கடித்தான். கடைசியில் எடுத்தாள்.

"அம்மாவுக்குச் சாயங்காலக் காபி கொடுத்தாச்சா?" என்று கேட்டாள் கோமதி.

"இப்பத்தான் போட்டேன், மேடம். ஏன்?"

"நீங்களா கொண்டுபோய்க் கொடுப்பீங்க?"

"நான் கொடுத்தா வாங்க மாட்டாளே, பிள்ளை கையால வந்தாத்தான் குடிப்பா. காபி போடறதுதான் நான். கொண்டுபோய்க் கொடுக்கறது எப்பவும் அவர்தான். இதோ, எடுத்துண்டு உள்ளே போனார்."

"ஓடுங்க. டம்ளரைப் பிடுங்குங்க. ஒரு வாய்கூட உள்ள போகக் கூடாது. ஓடுங்க ரஞ்சனா!"

போன் எங்கோ விழுந்தது. காலடிச் சத்தம். ஒரு கதவு. ஒரு ஆண்குரல் 'என்னடி பண்றே' என்றது. எவர்சில்வர் டம்ளர் ஒன்று தரையில் விழுந்து உருண்டு உருண்டு அடங்குகிற வரைக்கும் டாலிகஞ்ச் கிளப்பில் யாரும் மூச்சு விடவில்லை. தபன் தன் ஸ்டிரைக்கரைக்கூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எமர்ஜென்ஸி டாக்டர் இளம்பெண். ஈசிஜி தாளைப் பார்த்ததும் அவள் நடை ஓட்டமானது. புதிதாக எடுத்த ரத்தம் ஐஸையும் மீனையும் பார்க்காமல் நேராக மெஷினுக்குப் போனது. மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டிய பொட்டாசியம் இரண்டரையைக்கூட எட்டவில்லை. இப்படியே விட்டிருந்தால் ஹோமுக்குப் போகிற வழியிலேயே முடிந்திருக்கும் என்றாள். சௌந்தரத்தின் கையில் பொட்டாசியம் கலந்த டிரிப் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. பக்கத்து மானிட்டரில் பச்சைக் கோடு இன்னும் ஒழுங்கில்லாமல் துள்ளியது.

தகவல் போய் வந்த சப் இன்ஸ்பெக்டர், டம்ளர் இருந்த பிளாஸ்டிக் பையை அசுவாரசியமாகப் பார்த்தார். உள்ளே ஒட்டியிருந்த காபியில் மாத்திரை இருக்கிறதா என்று சோதனைச்சாலை சொல்லும். யார் போட்டது என்று எந்தச் சோதனைச்சாலை சொல்லும்? காபி போட்டது மருமகள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளைத்தான் சொல்கிறார்கள். அந்த அம்மாவே இத்தனை நாள் அவளைத்தான் சொன்னாராமே?

"அவன் லேபுக்குப் போன் பண்ணான், சார்!" என்றான் வருண்.

"அம்மா ரிப்போர்ட் சரியான்னு பிள்ளை கேட்டது குற்றமா? என் அம்மாவா இருந்தா நானும் கேப்பேன்." அவர் ரஞ்சனா பக்கம் திரும்பினார். "நீங்க ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும்."

ரஞ்சனாவின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் போய், மாமியாரின் உயிரைக் காப்பாற்றி, பெயரை மொத்தமாகத் தொலைத்து நின்றாள். இதற்குத்தானா நாள் பூரா தண்ணீரில் அலைந்தோம் என்று வருணுக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அறையத் தோதாக, சுந்தரராஜன் நின்றிருந்தான். யாருக்கோ போனில், அம்மா இப்போது தேவலை, கவலைப்பட ஒன்றுமில்லை என்று பதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

கோமதி கட்டில் ஓரமாகக் குனிந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஐஸ், மற்றவர்களின் ரத்தம், போன் கால் எல்லாவற்றையும். மீனை மட்டும் விட்டுவிட்டாள்.

"நீங்க சொன்னது சரிதான், மாமி. உங்களுக்கு யாரோ கலந்து கொடுத்தாங்க. ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டீங்க. தினம் டம்ளரைக் கொண்டு வந்தது யாரு? இந்த இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீங்க சொல்லலைன்னா பழி இந்தப் பொண்ணு தலையில."

சௌந்தரம் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வெளியே சுந்தரராஜன் போனை வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கையசைத்துச் சிரித்தான். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட வண்டியிலிருந்தும் அப்படித்தான் கையசைத்திருப்பான்.

"மாமி?" என்றாள் கோமதி.

சௌந்தரம் சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் திரும்பினாள். சுத்தமான வங்காளத்தில், தெளிவாகப் பேசினாள். "எனக்கு யாரும் ஒண்ணும் கொடுக்கலை. என் பிள்ளையும் கொடுக்கலை, இவளும் கொடுக்கலை. வயசான மூளை, ஏதோ உளறிட்டேன். அன்னிக்கு ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னுதானே வந்தது? நார்மல்தான். எனக்குப் புகார் எதுவும் இல்லை."

"அது தப்பான ரிப்போர்ட்டுன்னு நீங்கதானே மாமி கத்தினீங்க!" என்றான் வருண். "ஊர் பூரா நம்பலை. நாங்க நம்பி அலைஞ்சோம். இப்ப நீங்களே..."

"புகார் இல்லைங்கறேனே."

சப் இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். சோதனைச்சாலை முடிவு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அப்பாடா என்கிற நடையில் வெளியேறினார். கதவருகே சுந்தரராஜன் அவருக்கு வழிவிட்டு, கைகுலுக்கினான். கோமதி கைப்பையைத் திறந்து மூடினாள். எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எத்தனையோ பொய்களைக் கிழித்தவள், இந்தப் பொய்யை எங்கே பிடித்துக் கிழிப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"வா, வருண்" என்றாள் கடைசியில்.

அவர்கள் வாசலை எட்டியபோது உள்ளே சௌந்தரம் தன் மருமகளைக் கூப்பிடும் குரல் கேட்டது. இத்தனை மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். ரஞ்சனா அப்படி விழித்தாள்.

"ரஞ்சனா, இங்கே வா. கிட்டக்க வா." டிரிப் ஏறாத கையால் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள் கிழவி. கண் மட்டும் கண்ணாடிக் கதவிலேயே இருந்தது. "நாளையிலேர்ந்து என் காபியை நீயே கொண்டு வந்து கொடு. அவன் கையில கொடுத்தனுப்பாதே."